மோர் ஊற்றும்போது சொன்னது

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்று பத்து. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. கல்வராயன் மலைப் பக்கமிருந்து வறண்ட காற்று அடித்து, அப்பளத்தை இலையிலிருந்து இலைக்கு நகர்த்திக்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மெஸ்ஸின் மாடியில் பதினொரு இலைகள். பத்து இலைகளில் மோர் ஊற்றியாகிவிட்டது. பதினோராவது இலையில் சோறு வைத்தது வைத்தபடியே இருந்தது. அந்த இலைக்கு உரியவர் எழுந்து நின்றிருந்தார்.

"நான் சாப்பிடப் போறதில்ல. ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன். இங்க சொன்னத வெளிய சொன்னது யாரு?"

அவருக்கு முப்பத்தாறு வயது. எங்கள் சங்கத்தில் ஒரே பெண். நிலத்தில் நான்கு இரும்புக் கம்பிகளை அடித்து, மின்சாரம் செலுத்தி, மண்ணும் பாறையும் அதை எவ்வளவு தடுக்கின்றன என்று மீட்டரில் அளந்து, ஆழ்துளைக் கிணறு போட இடம் குறித்துக் கொடுப்பது அவர் தொழில். ஈரமுள்ள பாறை மின்சாரத்தை எளிதில் விடும், காய்ந்த பாறை விடாது. எங்கள் பதினொரு பேருக்கும் இதுதான் தொழில், அல்லது தொழிலாக இருந்தது. நான் அரசுத் துறையில் முப்பத்திரண்டு வருடம் நாலு மாதம் இதைச் செய்து ஓய்வு பெற்றவன். ஊரில் எங்களை நீரோட்டம் பார்க்கிறவர்கள் என்பார்கள். நாங்கள் புவி இயற்பியலாளர் சங்கம் என்று ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தோம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு சாப்பாடு, அதன் பிறகு ஒருவர் நாற்பது நிமிடம் பேச வேண்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அன்று பேசப்போகிறவர், ரசம் முடிந்து மோர் ஊற்றும்போது, தான் இடம் குறித்துத் தண்ணீர் வராமல் போன ஒரு கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த ஊர், எத்தனை அடி, எதனால் தவறியது. அதைச் சொல்லாதவருக்குப் பாயசம் கிடையாது, பேச்சும் கிடையாது. வெற்றிக் கதைகளை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், தவறியதிலிருந்துதான் கற்றுக்கொள்ள முடியும் என்று எங்கள் தலைவர், அவர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், தொடங்கி வைத்தது இது. ஒரே நிபந்தனை, சொன்னது அந்த மாடியைவிட்டு இறங்கக் கூடாது. விவசாயி காதுக்குப் போனால் அடுத்த நாளே தொழில் போய்விடும்.

போன நவம்பரில் அந்த அம்மாவின் முறை. கல்வராயன் மலையில் ஒரு மரவள்ளித் தோட்டத்தில் இடம் குறித்திருக்கிறார். மீட்டரில் தடை மிகக் குறைவாகக் காட்டியிருக்கிறது. நல்ல தண்ணீர் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார். போர் வண்டி அறுநூற்றுப் பன்னிரண்டு அடி போனது, வெறும் புழுதிதான் வந்தது. தூக்கம் வராமல் ஒரு வாரம் கழித்துத் தனியாக மலைக்குப் போய், தான் மீட்டர் கம்பி இழுத்த கோட்டில் கடப்பாரையால் ஒரு அடி தோண்டிப் பார்த்திருக்கிறார். ஒரு பழைய இரும்புக் குழாய் புதைந்து கிடந்தது. எப்போதோ குடிநீருக்காகப் புதைத்து, ஒரு நாளும் தண்ணீர் போகாத குழாய். மின்சாரம் அதன் வழியாக ஓடியிருக்கிறது.

"ஒரு சொட்டுத் தண்ணி பார்க்காத பைப்பு சார், எனக்கு மட்டும் தண்ணி காட்டிடுச்சி" என்று அன்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நான் இரண்டாவது முறை பாயசம் வாங்கினேன்.

இப்போது பிப்ரவரியில் அவர் சிரிக்கவில்லை.

"தியாகதுருகம் சந்தையில ஒருத்தர் என் வண்டிய நிறுத்திக் கேக்கறாரு, இரும்புப் பைப்பப் பாத்துட்டுத் தண்ணின்னு சொன்ன அம்மா நீதானேன்னு. 'பைப்பம்மா'ன்னு பேரு வச்சிருக்காங்க. ஆறு வாரமா ஒரு போன் வரல. ஒத்துக்கிட்ட ரெண்டு இடமும் கை மாறிப் போச்சி. இந்த மாசக் கடைசிவரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் மீட்டர வித்துட்டு ஓசூர்ல எங்க அண்ணன் சொல்ற கம்பெனிக்குப் போயிடுவேன். பதிமூணு வருசம் வெயில்ல நின்னு சம்பாதிச்ச பேரு."

தலைவர், "உக்காரும்மா, சாப்பிட்டுப் பேசலாம்" என்றார்.

"யாருன்னு சொல்லுங்க சார், உக்காருறேன்."

அவர் படியிறங்கிப் போன சத்தம் கேட்டது. பத்தொன்பது படிகள். அதன் பிறகு மற்ற பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அன்று பேச்சு நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் நோட்டை எடுத்தேன். நவம்பரில் மாடியில் இருந்தவர்கள் பதிமூன்று பேர், நாங்கள் பதினொருவர், பரிமாறியவர்கள் இருவர். அந்த அம்மாவையும் என்னையும் கழித்தால் பதினொருவர். என்னை ஏன் கழித்தேன் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் எங்கள் ஆட்களில் ஒருவர் மேல் சந்தேகம் வந்தது. சங்கராபுரம் சாலையில் தொழில் செய்கிறவர், ஐம்பது வயது, ஜனவரியில் புதுக் கார் வாங்கியிருந்தார். கை மாறிய இரண்டு இடங்களும் அவரிடம்தான் போயிருந்தன. நான் அவர் வீட்டுக்கு நடந்தே போனேன். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எப்போது வாங்கியது, என்ன விலை என்று கேட்டேன்.

"சார், நீங்க கார் பாக்க வரல. என் மேல சந்தேகமா?"

"சந்தேகம்னு இல்ல. விசாரிக்கிறேன்."

"என் மச்சான் பணத்துல வாங்கின காரு. அந்த ரெண்டு இடத்துக்கும் என்னக் கூப்பிட்டாங்க, போனேன். வரலேன்னா வேற ஆளக் கூப்பிடுவாங்க. நீங்க ஆபீசரா இருந்தப்போ தணிக்கைக்கு வருவீங்களே, அதே மூஞ்சிய வச்சிக்கினு வந்திருக்கீங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

டீயில் சர்க்கரை அதிகமாக இருந்தது. சர்க்கரை அதிகம் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனாலும் அவர் என் கண்ணைப் பார்த்துத்தான் பேசினார்.

அடுத்து, மலைத் தோட்டத்துக்காரரே பரப்பியிருக்கலாம் அல்லவா? பிப்ரவரி 16 காலை ஆறு நாற்பது பஸ்ஸில் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போனேன். மலைப்பாதையில் வளைவுகளை எண்ணினேன். திரும்பி வரும்போது எண்ணியதில் ஒன்று கூடுதலாக வந்தது. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான்.

தோட்டக்காரர் மரவள்ளிக் குச்சிகளை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் ஒரு குச்சிக்கட்டை என் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னார்.

"அந்தம்மா மேல எனக்குக் கோவம் இல்லீங்க. வந்தது புழுதிதான். போர்க்காரன்தான் இன்னும் நூறு அடி, இன்னும் நூறு அடின்னு இழுத்துக்கினே போனான்."

"குழாய் விஷயம் யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எந்தக் கொழா?"

"இங்க பூமியில புதைஞ்சிருக்கே."

"அதுவா? அது பஞ்சாயத்துல எப்பவோ பொதச்சது. அதுல தண்ணியே வரல. அதுக்கும் போருக்கும் இன்னாங்க?"

அவருக்கு அந்தத் தொடர்பே தெரியாது. அந்த அம்மா தோண்டிப் பார்த்ததை அவரிடம் சொல்லவே இல்லை. அப்படியென்றால் அந்தக் குழாய்க்கதை மாடியிலிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும். மலையில் இருந்து இறங்கும்போது எனக்குச் சந்தேகம் குறையவில்லை, கூர்மையாகத்தான் ஆனது.

மிஞ்சியவர்களில் நான் குறி வைத்தது மோர் ஊற்றுகிறவரை. நாற்பது வயது ஆள். மோர் வாளியோடு வரிசையில் மெதுவாகவே போவார். ஏன் மெதுவாகப் போகிறார்? கேட்பதற்காகத்தானே? மெஸ் கல்லாவில் விசாரித்ததில், அவருடைய தங்கை கணவர் தியாகதுருகத்தில் ஒரு போர்வெல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை செய்கிறார் என்று தெரிந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? பிப்ரவரி 20, திங்கள்கிழமை, பதினொன்றரைக்கு அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

மலைக்கோட்டை தெரிகிற தெருவில், தகர ஷட்டர் போட்ட ஒற்றை அறை. ஏஜென்ட் சின்ன வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். போர் வண்டிக்கு வேலை பிடித்துக் கொடுப்பது அவர் வேலை.

"வாங்க பெரியவரே. எந்த ஊரு நெலம்? எத்தினி அடி எதிர்பாக்கறீங்க?"

"நிலம் மணலூர்பேட்டைப் பக்கம். யாரை வச்சு இடம் பார்க்கலாம்னு கேட்க வந்தேன். உங்க ஆள் ஒருத்தர், அவர் மச்சான் மெஸ்ஸுல மோர்..."

"இடம் பாக்கற ஆளுதான வேணும்? அதுக்கு எதுக்கு மச்சானு? இங்க பாருங்க."

அவர் நாற்காலியைச் சுழற்றிப் பின்சுவரைக் காட்டினார். சுவரில் என் உயரத்துக்கு ஒரு படம் ஒட்டியிருந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வரைபடம். அதில் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலும் ஊர், ஆழம், தவறிய காரணம், இடம் குறித்தவரின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு, அச்சு இயந்திரம் இழுத்த கறை. கையெழுத்து என்னுடையது. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, இருந்தாலும் எண்ணினேன். நாற்பத்து மூன்று புள்ளிகள்.

"எந்தெந்த ஊர்ல யாரு பாயிண்ட் குடுத்து ஊத்திக்கிச்சின்னு எல்லாம் இதுல இருக்குது. யாரோ பெரிய ஆபீசரு வரைஞ்சது சார், சும்மா இல்ல. எவ்ளோ சுத்தமா எழுதியிருக்காரு பாருங்க. இதோ, மலையில, பொதஞ்ச இரும்புக் குழாய்னு போட்டிருக்கு. அதுதான் பைப்பம்மா. இந்தத் தொழில்ல பொம்பள ஒருத்திதான, ரெண்டெழுத்து போட்டாலே தெரிஞ்சிடும்."

"இது எப்படிக் கிடைச்சது?"

"கள்ளக்குறிச்சியில பிரிண்ட் கடையில. நோட்டீஸ் அடிக்கப் போனேன். கறை விழுந்திடுச்சின்னு தூக்கிப் போட்டிருந்தான். இன்னாடா இதுன்னு பாத்தா பொக்கிஷம்! கேட்டேன், சுருட்டிக் கையில குடுத்துட்டான்."

நடந்தது இதுதான். நாலு வருடமாக மோர் நேரத்தில் சொன்ன ஒவ்வொன்றையும் நான் நோட்டில் எழுதி வந்திருந்தேன். எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. டிசம்பரில் அவற்றையெல்லாம் ஒரு படத்தில் குறித்துப் பார்த்தேன். எங்கள் தொழிலில் இருப்பவன் கையில் நாற்பது எண்கள் கிடைத்தால் படமாகப் போடாமல் இருக்க முடியாது. அளந்தவர் யார் என்று எழுதாத அளவை என் மேலதிகாரி கிழித்துப் போடுவார். அதனால் முப்பத்திரண்டு வருடப் பழக்கத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஆளின் முதல் எழுத்துகளைப் போட்டேன். சங்கத்தில் என் பேச்சின்போது விரித்துக் காட்டலாம் என்று பெரிதாக அச்சடிக்கக் கொடுத்தேன். முதல் தாளில் கறை விழுந்தது. கடைக்காரர் இன்னொன்று அடித்துக் கொடுத்தார். நல்ல தாளுக்கு மட்டும் பணம் வாங்கினாரா, இரண்டுக்கும் வாங்கிவிட்டாரா என்பதில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது. கறைத் தாள் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

"இந்தத் தாளை எனக்குக் கொடுத்துடுங்க" என்றேன்.

"குடுக்கலாம். எடுத்துக்கினு போயி இன்னா பண்ணப் போறீங்க? எல்லா ஏஜென்ட்டும் போட்டோ புடிச்சி போன்ல வச்சிருக்கான். சேலம் வரைக்கும் போயிருக்கு."

"இதை வரைஞ்ச ஆபீசர் நான்தான்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கை கூப்பினார். "சார்! உக்காருங்க சார். டேய், சாருக்கு ஜூஸ் சொல்லு. அடுத்த வருசத்துது எப்போ சார் வரும்?"

ஜூஸ் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மாதக் கடைசிக்கு எட்டு நாள் இருந்தது. அந்த அம்மாவுக்குப் போன் செய்து, மார்ச் 12 வரை மீட்டரை விற்க வேண்டாம், யாரென்று தெரிந்துவிட்டது, சாப்பாட்டில் சொல்கிறேன் என்றேன். "யாரு சார்?" என்றார். "அங்கே சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். அதுவும் கோழைத்தனம்தான். இருபது நாட்கள் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 12 அன்று மறுபடி பதினொரு இலை. அவர் வந்திருந்தார். சாம்பாரை நான் தொடவில்லை. மோர் வாளி படியேறி வந்ததும் எழுந்து நின்று, சுருட்டி வைத்திருந்த நல்ல தாளை விரித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். மோர் ஊற்றுகிறவரிடம் அவரைச் சந்தேகப்பட்டதையும் சொன்னேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "நானா? உங்க யாரு கதையும் எனக்குப் புரியாது சார். கையில வாளி சூடா இருந்தா வேகமா போவேன். மோரு குளிர்ச்சி, நிதானமா போறேன்."

கார்க்காரர் உரக்கச் சிரித்தார். "என் வீட்டுல டீ குடிச்சிட்டு, என் காரச் சுத்தி வந்து டயர வேற உதைச்சிப் பாத்தாரு. கடைசியில பாத்தா திருடன் இவரு நோட்டுலதான் இருந்திருக்கான்."

"எனக்கும் அதுல அஞ்சு புள்ளி இருக்கு" என்றார் இன்னொருவர். அவர் சிரிக்கவில்லை.

தலைவர் தாளைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். "வேலை நல்லா இருக்குய்யா. அதுதான் கேவலம்" என்றார்.

நான் அந்த அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். தியாகதுருகம், மணலூர்பேட்டை, எங்கே வேண்டுமானாலும் வந்து அவருடைய திறமையைப் பற்றி விவசாயிகளிடம் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க சொல்றதால எதுவும் மாறாது சார்." அவர் குரல் ஏறவில்லை. "பேப்பர்ல இருக்கறததான் நம்புவாங்க, அதையும் நீங்கதான் எழுதியிருக்கீங்க. மணலூர்பேட்டையில உங்களுக்கு நெலம் இருக்கில்ல? கெணறு வத்திப் போயி ரெண்டு வருசமாச்சின்னு சொன்னீங்க இல்ல? இடம் பாக்க என்னக் கூப்பிடுவீங்களா?"

என் ஒரு ஏக்கர் முப்பத்தேழு சென்ட் நிலத்தில் நானே மூன்று முறை அளந்திருந்தேன். தண்ணீர் இல்லை என்று எழுதி வைத்திருந்தேன். என் கணக்கின்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

"கூப்பிடுறேன்" என்றேன். வாயிலிருந்து அது வந்ததே எனக்கு ஆச்சரியம்.

மார்ச் 19 காலை அவர் வந்தார். கம்பி இழுப்பதற்கு முன் நிலம் முழுக்க நடந்து, கடப்பாரையால் குத்திப் பார்த்து, புதைந்த பழைய பைப்பு ஏதாவது இருக்கிறதா என்று என்னிடமும் பக்கத்து நிலத்துக்காரர்களிடமும் தனித்தனியாகக் கேட்டார். என் பதிலை அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. நான் ஒவ்வொரு அளவுக்கும் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"சார், தள்ளி நில்லுங்க."

"எண்ணைச் சரிபார்க்கிறேன்."

"நான் பாத்துக்கறேன். நீங்க போயி அந்த வேப்ப மரத்துல எத்தினி எல இருக்குன்னு எண்ணுங்க."

வரப்பில் நின்ற ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். நான் கம்பி இழுத்தது எப்போதும் கிழக்கு மேற்காக, வரப்பு நீளமாக இருந்த பக்கம். அவர் பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டு, வேலியைத் தாண்டி வடக்கு தெற்காக இழுத்தார். பாறையில் விரிசல் ஓடும் திசையைப் பொறுத்து அளவு மாறும். வடமேற்கு மூலையில் ஒரு கல்லை நட்டார். மூன்று முறையும் நான் தள்ளிவிட்ட மூலை அது.

மார்ச் 24 காலை போர் வண்டி வந்தது. மணலூர்பேட்டையில் பாதிப் பேர் வரப்பில் நின்றார்கள். பைப்பம்மா குறித்த இடத்தில் பழைய ஆபீசர் பணத்தைக் கொட்டுகிறார் என்பதுதான் செய்தி. துளைக்குள் இறக்கும் ஒரு கம்பி இருபது அடி. வண்டிக்காரர் ஒன்றிரண்டு கூட்டிச் சொல்வார் என்று சந்தேகப்பட்டு, ஒவ்வொன்று இறங்கும்போதும் மண்ணில் ஒரு கோடு கிழித்தேன். ஐந்து கோடுவரை புழுதி. பத்துக் கோடுவரை புழுதி. அந்த அம்மா துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் தவறினால் அன்றோடு எல்லாம் முடிந்தது. தவறட்டும், என் மூன்று அளவுகள் சரியாகட்டும் என்று எனக்குள் ஒரு மூலையில் ஒருவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். அவனையும் நான் அன்று பார்த்துவிட்டேன்.

பதினொன்றாவது கம்பியில் புழுதி ஈரமாகிச் சேறாக வந்தது. பதினாலாவதில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. பதினேழு கம்பியோடு, முன்னூற்று நாற்பது அடியில் நிறுத்தினோம். ஒன்றேகால் அங்குலத் தண்ணீர். பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் என் நோட்டில் அங்கே பூஜ்யம் என்று இருக்கிறது.

வரப்பில் நின்ற ஒருவர் சேற்றில் கால் வைத்துக்கொண்டே, "ஏம்மா, எங்க கொல்லையும் பாத்துக் குடுக்கறியா? நம்பர் குடு" என்றார். இன்னொருவர், "பைப்பம்மா நம்பரா, எனக்கும் போடுப்பா" என்றார். அந்த அம்மா இருவருக்கும் நம்பர் கொடுத்தார். பிறகு இரண்டாவது ஆளைப் பார்த்து, "எனக்குப் பேரு இருக்குதுங்க. அதப் போட்டு வச்சிக்கிங்க" என்றார்.

மீட்டர் விற்கப்படவில்லை. ஏப்ரலில் மூன்று இடம், மேயில் ஐந்து. சாப்பாட்டுக்கு அவர் வருகிறார், என் வரிசையில் உட்காருவதில்லை. மோர் நேரத்தில் இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. பாயசம் எல்லோருக்கும் தானாகவே வந்துவிடுகிறது. சங்கத்தில் புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறார்கள். மாடியேறும் முன் நான் மட்டும் என் பேனாவைக் கீழே கல்லாவில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கொடுக்கிறேன். பென்சிலையும் சேர்த்து.

கிணறு போட்ட கூலி, உள்ளே இறக்கிய குழாய், இடம் பார்த்த கட்டணம் (குறைத்துக்கொள்ளச் சொன்னேன், அவர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை), வண்டிக்காரர்கள் சாப்பாடு, மலைக்குப் போய்வந்த பஸ், அச்சுக்கூலி எல்லாம் சேர்த்து, மோட்டார் நீங்கலாக, எனக்கு ஆனது அறுபத்து மூவாயிரத்து இருநூற்று எண்பத்தாறு ரூபாய்.